எருமைத் தோல் பிரேக்

காஜா மொய்தீனின் சைக்கிளை முப்பத்தோரு வருஷமாக எந்தக் கடைக்காரரும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்று சொல்வதுதான் சரி. கல்யாணமான புதிதில் ஒரு முறை பல்லாவரத்தில் ஒரு கடையில் பின்சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தார். உள்ளே இருந்த புது பேரிங் குண்டுகளை எடுத்துக்கொண்டு தேய்ந்த குண்டுகளைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் சக்கரம் அரிசி அரைக்கிற சத்தம் போட ஆரம்பித்தது. அன்றைக்கு எடுத்த முடிவு, இனி இந்த வண்டிக்கு என் கைதான் கடை என்று. கொஞ்சம் வீம்பு, கொஞ்சம் கஞ்சத்தனம், மீதி நிஜமான ஆசை. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல அவர் மனைவி பஷீராவாலேயே முடியாது.

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாவது வீடு அவருடையது. வேலை பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில். செருப்புக்கும் பெல்ட்டுக்கும் தோல் வெட்டுகிற வேலை. ஐம்பத்தேழு வயதிலும் வெயிலோ காற்றோ சைக்கிளில்தான் போவார். மழை வந்தால் மட்டும் பஸ். தான் நனைவதைப் பற்றிக் கவலை இல்லை, வண்டி நனையக் கூடாது. வழியில் தூறல் பிடித்தால் ஏதாவது கடையின் தகரத்துக்கு அடியில் வண்டியைத் தள்ளி நிறுத்தி, தோளில் கிடக்கிற துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். பெற்ற மகளுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்று பஷீரா சொல்வாள். மகள் மெஹ்ரீன் கல்யாணமாகி ஆம்பூர் போய்விட்டாள். அதனால் மறுத்துப் பேச ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைக் குழாயடியில் ஒரு கோணிப்பையை விரித்து வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். ஒரு பழைய பிஸ்கட் டப்பாதான் அவருடைய பட்டறை. அதில் ஸ்பேனர், கொறடு, டயரை நெம்புவதற்குக் காம்பு வளைத்த இரண்டு ஸ்பூன், பழைய டூத் பிரஷ், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ரிம்மில் கோட்டம் எடுக்கும்போது குறி வைக்க ஒரு துண்டு சாக்பீஸ். ரேஷனில் கெரசின் நின்றுபோன பிறகு செயின் கழுவ ஒரு பாட்டில் டீசல்.

சந்தில் யார் வண்டிக்கு என்ன ஆனாலும் அந்தக் குழாயடிக்குத்தான் வரும். கை நீட்டி ஒரு பைசா வாங்கமாட்டார். கூலி என்று ஒன்று உண்டு. அவர் பேசப் பேச நாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, அது இன்னும் கஷ்டம். அவர் வேலையில் குறை சொல்லக் கூடாது. முனை வீட்டு அனந்தகிருஷ்ணன் சார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஒரு தடவை வாய் தவறிவிட்டார்.

"பாய், நீங்க போட்ட ஒட்டு ரெண்டு நாள்ல விட்டுடுச்சே."

அவ்வளவுதான் சொன்னார். காஜா முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் ஆறு மாதம் வாத்தியாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரில் வந்தால் வண்டியின் செயினைக் குனிந்து பார்த்தபடி கடந்துவிடுவார். சந்து முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. சிரித்த கையோடு எல்லோரும் ஒரு பாடமும் படித்துக்கொண்டார்கள்.

இந்த பிரேக் சமாசாரம் போன மார்ச்சில் தொடங்கியது. அவருடையது கம்பி பிரேக் வைத்த பழைய கறுப்பு வண்டி. இப்போது வருகிற ரப்பர் கட்டைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் கரைந்துபோகின்றன, பிடித்தால் கிறீச்சென்று ஊரைக் கூட்டுகின்றன. பட்டறையில் செருப்பின் அடிப்பாகத்துக்கு வெட்டுகிற எருமைத் தோல் கனமாக, கெட்டியாகக் கழிவில் கிடந்தது. நாலு துண்டு எடுத்து வந்தார். அடுக்கடுக்காக ஒட்டி, கட்டையின் அளவுக்குச் சீவி, இரும்புக் கூட்டுக்குள் அடித்து இறக்கினார்.

இறக்குவதற்கு முன்னால் ஒன்று செய்தார். தோல் வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் செய்திருப்பார். துண்டுகளை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் வைத்தார். எண்ணெய் காட்டாத தோல் காய்ந்து வெடிக்கும். நாற்பது வருஷமாகப் பெல்ட்டுக்கும் செருப்புக்கும் செய்து செய்து கையில் ஊறிப்போன பழக்கம். பிரேக்குக்கு எண்ணெய் ஆகுமா என்று அந்தக் கை ஒரு நிமிஷமும் நின்று யோசிக்கவில்லை.

மறுநாள் ஏரிக்கரைச் சரிவில் வண்டியை விட்டுப் பிடித்துப் பார்த்தார். சத்தமே இல்லாமல் நின்றது. மறுபடி விட்டுப் பிடித்தார். மறுபடி நின்றது. வீட்டுக்கு வந்து பஷீராவையும் அழைத்துப் போய்க் காட்டினார்.

அடுத்த வீடு சிட்டிபாபுவுடையது. இந்த ஏரிக்கு அந்தப் பக்கம் அவருடைய தாத்தாவுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. சிட்டிபாபுவோ ராஜகீழ்ப்பாக்கத்தில் வேறோர் அடுக்குமாடிக்கு வாட்ச்மேன். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். வெள்ளம் வந்த வருஷம் பஷீராவின் தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர் அவர். காஜா பேசும்போது அலுக்காமல் உட்கார்ந்து கேட்கிற ஒரே மனிதரும் அவர்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எனக்கும் அந்தத் தோலு பிரேக்கு போட்டுக் குடு பாய். ரப்பரு பேஜாரா கீது."

காஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க அதே வேலை. முன்னுக்கும் பின்னுக்கும் நாலு கட்டை, தன் வண்டிக்குப் போட்டதைவிடக் கனமான தோல், முன்பே எண்ணெய் காட்டிக் காயவைத்தது. முடித்ததும் சிட்டிபாபு சந்தில் ஒரு சுற்று போய் வந்தார்.

"சூப்பரா கீது பாய். எத்தினி நாளு வரும் இது?"

"உன் ஆயுசுக்கும் வரும் போ," என்றார் காஜா.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்ன சொல்.

அந்த வருஷம் மழை தாமதமாகத்தான் பிடித்தது. நவம்பர் இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. விடியும்போதே நல்ல மழை. சிட்டிபாபு தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வேளச்சேரி ரோட்டில் முன்னால் போன ஒரு தண்ணீர் லாரி, இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கத் தெருவுக்குள் திரும்பியது. பின்னால் வந்த சைக்கிள் நிற்கவில்லை. நேராகப் போய் லாரியின் பின்சக்கரத்துக்கு முன்னால் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மறுநாள் மதியம் உடல் வந்தது. காஜா பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிட்டிபாபுவின் மச்சான் கதிரேசன் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்தவர், சுற்றி நின்றவர்களிடம் ஆத்திரத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த டிரைவர் இன்னா சொல்றான் தெரியுமா? ரெண்டு கையாலயும் பிரேக்க புட்ச்சிகினுதான் வந்தாராம். இவன் கண்ணாடில பாத்தானாம். அப்பவும் சைக்கிளு நிக்கலியாம். செய்றதயும் செஞ்சிட்டு எப்டி பேசறான் பாரு."

எல்லோரும் டிரைவரைக் காறித் துப்பினார்கள். அவன்மேல் தப்பு இருந்தது, அதில் சந்தேகம் இல்லை. வழக்கும் அப்படித்தான் போனது. ஆனால் அவன் கண்ணாடியில் பார்த்ததாகச் சொன்னது பொய்யில்லை என்று அந்தப் பந்தலில் ஒருவருக்குத் தோன்றியது. காஜா எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார்.

சுடுகாட்டிலிருந்து வந்ததும் குளிக்கக்கூட இல்லை. நேராகக் கொல்லைக்குப் போய்த் தன் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ஒரு மக் தண்ணீரைப் பின்சக்கரத்தின் ரிம் முழுக்க ஊற்றினார். கையால் பெடலைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் நின்றது. ஒரு மூச்சு விட்டார். இன்னும் ஒரு மக் ஊற்றினார், இன்னும் ஒன்று. தோல் ஊற ஆரம்பித்தது. ஐந்தாவது மக்குக்குப் பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. இரண்டு கையாலும் அழுத்தினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. ரிம்மை விரலால் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று எண்ணெய். நனைந்த தோல், குடித்து வைத்திருந்த எண்ணெயை எல்லாம் வெளியே கக்கியிருந்தது.

மழையில் ஒரே ஒரு நாள் அவர் தன் வண்டியை எடுத்திருந்தால் போதும். எட்டு மாதத்தில் ஒரு நாள். வண்டி துருப்பிடிக்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தாரே, அதனால் அவர் பிழைத்தார், சிட்டிபாபு போய்ச் சேர்ந்தார். இதை என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது?

பஷீரா வந்து பார்த்தபோது கட்டைகளிலிருந்து தோலைக் கத்தியால் தோண்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் ஒரு துணியைக் கிழித்து அவர் உள்ளங்கையைச் சுற்றிக் கட்டினாள்.

"லாரிக்காரன் மேலதானே கேஸு," என்றாள். "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? உட்ருங்க. அல்லாவுக்குத் தெரியும், அது போதும்."

"போதாது. மனுசனுக்குப் பண்ண தப்புக்கு மனுசங்கிட்டதான் மன்னிப்பு கேக்கணும். அவன் பூட்டான். அவன் வீட்டுப் பொம்பளைகிட்டதான் கேக்கணும்."

கேட்க வேண்டும் என்று சொன்னாரே தவிர, கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று இருந்தார். முடிந்தது. அப்புறம் அவள் கொஞ்சம் தேறட்டும் என்று இருந்தார். சிட்டிபாபுவின் மனைவி அங்காளம்மாள் தண்ணீர் பிடிக்க வருகிற நேரம் பார்த்து உள்ளே போய்விடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால்கூட இவர் கொல்லையை விட்டு எழுந்துவிடுவார். வண்டி கொண்டுவந்தவர்களிடம் முழங்கால் வலி என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயடி காலியாகக் கிடந்தது. பட்டறைக்குப் பஸ்ஸில் போனார், வெயில் நாளிலும். பயம் என்றால் அப்படி ஒரு பயம். அவள் மண்ணை வாரித் தூற்றினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

பொங்கல் கழிந்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளைக் கொடுத்துவிட்டார்கள். முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. அங்காளம்மாளும் மகள் வினிதாவும் அதைத் தூக்கியும் தள்ளியுமாக நேராகக் காஜா வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஓடி ஒளிய இந்த முறை நேரம் கிடைக்கவில்லை.

"இவ மெடிக்கல் ஷாப்ல வேலைக்கு சேந்துகீறா பாய்," என்றாள் அங்காளம்மாள். "போக வர வண்டி வோணும். இந்த வண்டிலதான் கொரங்கு பெடலு அடிச்சி கத்துகினா. நல்லா பண்ணிக் குடுங்க. வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல."

முழங்கால் வலி என்ற பொய் அவர் வாய்க்குள்ளேயே செத்தது. சரி என்று தலையாட்டினார்.

ஒரு வாரம் பட்டறை விட்டு வந்து வந்து வேலை செய்தார். வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்திப் போட அவருக்குத் தெரியும், இருந்தும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் புதிது வாங்கினார். புது ரிம், புதுக் கம்பிகள். சாக்பீஸைப் பிடித்துப் பிடித்து ஒரு நூல் கோட்டம்கூட இல்லாமல் சக்கரத்தை நேர் செய்தார். பழைய பிரேக் கட்டைகளை மட்டும் கடைசி வரை தொடவில்லை. அவர் வெட்டிய தோல் அப்படியே இருந்தது. காய்ந்து, கறுத்து, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. அதன் மேல் ஒரு துணியைச் சுற்றி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாயும் மகளும் வந்தார்கள். காஜா துணியை அவிழ்த்து, தோலைத் தோண்டி எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலு புது ரப்பர் கட்டைகளை எடுத்தார். வினிதா குனிந்து பார்த்தாள்.

"இன்னா மாமா, ரப்பரு போடறீங்க? அப்பாவுக்குப் போட்டீங்களே தோலு, அதயே போடுங்க. அப்பா அத அவ்ளோ பெருமயா சொல்லும்."

காஜா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வேணாம்," என்றாள் அங்காளம்மாள். குரல் வெடுக்கென்று வந்தது. உடனே தணிந்து, "அடுப்புல சோறு கீது, போய் பாரு. கொழஞ்சிடப் போவுது," என்று மகளை அனுப்பினாள்.

வினிதா போய்விட்டாள். இனிமேலும் தள்ளிப்போட இடமில்லை என்று காஜாவுக்குத் தெரிந்தது. ரப்பர் கட்டையைக் கையில் உருட்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அங்காளம்மா, அந்த பிரேக்குல தப்பு இருந்திச்சி. தோலுக்கு நான் எண்ண காட்டிட்டேன். காஞ்சிருந்தா புடிக்கும், மழைல நனஞ்சா புடிக்காது. எனக்குத் தெரில. பாபு போனப்பறம்தான் தண்ணி ஊத்திப் பாத்தேன். அந்த டிரைவர் சொன்னது நெஜம். பாபு பிரேக்க புட்ச்சிருக்கான். அதான் நிக்கல. என் கையால செஞ்சது."

"தெரியும்," என்றாள் அவள்.

காஜா நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கு ரெண்டு நாள் முந்தி, பொதங்கெழம மழ பேஞ்சிச்சே. அன்னிக்கி வேல முட்ச்சி வந்து சொன்னாரு. பிரேக்கு புடிக்கல, கால தேச்சி தேச்சி நிறுத்திகினு வந்தேன்னு. செருப்பு தேஞ்சி கெடந்திச்சி, எட்த்துக் காட்னாரு. பாய்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்னு எழுந்தாரு." கீழே கிடந்த தோல் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "நான்தான் கைய புட்ச்சி உக்கார வச்சேன். நாள் பூரா குந்திகினு சும்மா செஞ்சி குடுத்த மனுசன், அவராண்ட போய் கொற சொல்லுவியான்னேன். வாத்தியாராண்ட ஆறு மாசம் பேசல, உன்னாண்டயும் பேசாம பூடுவாருன்னேன். அவருக்கு உங்ககிட்ட பேசாம இருக்க முடியாது. சரின்னுட்டாரு. ஞாயித்துக்கெழம நீங்க நல்லா பேசிகினு இருக்கச்சொல்லோ பதமா சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதை அவள் சொல்லவில்லை.

"ரெண்டு மாசமா உங்களாண்ட சொல்லிடணும் சொல்லிடணும்னு கீறேன். அன்னிக்கி நான் உட்டிருந்தா நீங்க உடனே மாத்திக் குடுத்திருப்பீங்க. நான்தான் பாய் அவர சாவ உட்டேன்."

"இல்லம்மா," என்றார் காஜா.

இந்த இரண்டு மாதமும் எண்ணெயைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காட்டியது தெரியாமல் செய்தது. வாத்தியாரிடம் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது தெரிந்தே செய்தது. அதில் ஒரு ருசியும் இருந்தது. அந்த ருசிக்குத்தான் சிட்டிபாபு, பக்கத்து வீட்டுக்குப் பத்தடி நடந்து வந்து ஒரு வார்த்தை சொல்லப் பயந்து, எழுந்து திரும்ப உட்கார்ந்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் அதே புதன்கிழமை தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தார். டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். காஜா மொய்தீன் கோணிப்பையின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கூடக் கொள்ளாமல் அழுதார். அங்காளம்மாள் அழவில்லை. அவளுக்கு அழுது தீர்ந்துபோயிருந்தது.

மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யார் யாருக்குக் கொடுப்பது?

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, நாலு ரப்பர் கட்டைகளையும் மாட்டி முடுக்கினார். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அவர் சொல்லாமலே அங்காளம்மாள் எழுந்துபோய்க் குழாயில் ஒரு மக் தண்ணீர் பிடித்து வந்து ரிம்மின் மேல் ஊற்றினாள். அவர் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் கிறீச்சென்று நின்றது.

"இன்னோரு வாட்டி," என்றாள்.

ஊற்றினாள், பிடித்தார், நின்றது. மறுபடி ஊற்றினாள். எத்தனை மக் என்று தெரியாது. சேறாகிப்போன தரையில் இரண்டு பேரும் முழங்கால் வரை நனைந்து நின்றபோது வினிதா திரும்பி வந்தாள்.

"இன்னாம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?"

காஜா வண்டியைப் பிடித்தபடியே சொன்னார்.

"வினிதா, இதுல துளி கோளாறு இருந்தாலும் உடனே வந்து சொல்லணும். எந்நேரமா இருந்தாலும் கதவ தட்டு. நான் கோச்சிக்கமாட்டேன். கேட்டுக்கினியா?"

வினிதா சிரித்தாள். பெரியவர் மனம் நோகாமல் பேச அவளுக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்திருந்தார்கள்.

"நீங்க செஞ்சி குடுத்ததுல போய் யாருனா கொற சொல்வாங்களா மாமா?"

அங்காளம்மாள் குனிந்து இன்னொரு மக் தண்ணீர் பிடித்தாள்.